என் காதலும் கேஸ் ஷீட்டில் ஒரு வரிதானா? பைபோலாரோடு வாழ்கிறவர்களிடம் ஒரு கேள்வி

நாலுகலர் | சனி, இரவு 11.42

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்குத்தான் எழுதறேன்.

வயசு 38. சிவகாசியில சின்ன ஆஃப்செட் பிரஸ். ரெண்டு மெஷின், அஞ்சு பேர். 2016-ல பைபோலார், டைப் ஒன்னுன்னு சொன்னாங்க. மனசு ஒரு காலம் அளவுக்கு மீறி ஏறும், அது மேனியா; ஒரு காலம் அடியோட இறங்கும், அது டிப்ரஷன். ஒவ்வொரு தடவை வர்றதும் ஒரு எபிசோட். ராத்திரி லித்தியம் மாத்திரை. நாலு வருஷமா எபிசோட் எதுவும் இல்ல. அதனால பயப்படாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். வேற ஒரு விஷயம் உறுத்துது.

என்னைப் பார்த்துட்டிருந்த டாக்டர் ஊர் மாறிப் போயிட்டார். புது டாக்டரம்மா முதல்லேருந்து கதை கேட்டாங்க. 2016 கதை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பதினோரு நாள்ல மொத்தமா இருபது மணி நேரம்கூடத் தூங்கல. மாவட்டத்துல இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா ஒரு நாளிதழ் அச்சடிக்கப் போறேன்னு அறுபது ரீம் ஆர்ட் பேப்பர் கடன்ல எடுத்தேன். கட்டிங் மெஷின் அண்ணனுக்கு என் ஸ்கூட்டரைச் சாவியோட குடுத்தேன். அப்புறம் எட்டு மாசம் டியூப்லைட் சுவிட்ச் போடக்கூட எந்திரிக்க முடியல. இதெல்லாம் சொன்னேன். "அதுக்கு முன்னாடி எப்பவாவது இந்த மாதிரி?"ன்னு கேட்டாங்க. யோசிச்சு, 2012-ல ரெண்டு மாசம் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்னு சொன்னேன். தூக்கம் மூணு மணி நேரம், களைப்பே தெரியாது. வேஸ்ட் ஷீட்டை வெட்டி அதுல ஒரு பொண்ணுக்கு ஒரே மாசத்துல 64 லெட்டர் எழுதினேன். பஸ் ஸ்டாண்டுல முன்னபின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேன்.

அவங்க எழுதிக்கிட்டே கேட்டாங்க. எங்க அப்பா அச்சுக்கோக்கிறவர். சின்ன வயசுல அவர் பக்கத்துல உக்காந்து பழகினதுல தலைகீழா இருக்கிற எழுத்தையும் படிச்சிடுவேன். மேசைக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து படிச்சேன்: "2012, ஹைப்போமேனியா? முதல் எபிசோட்." மேனியாவுக்கு ஒரு படி கீழ இருக்கிற ஏத்தத்துக்குத்தான் ஹைப்போமேனியான்னு பேர்.

அந்த மாசம்தான் அவ சரின்னு சொன்னா. இப்ப என் மனைவி. ரெண்டு பிள்ளைங்க.

பஸ்ல வரும்போது நெஞ்சுல என்னமோ அடைச்சுக்கிச்சு. அவ கட்டிக்கிட்டது யாரை? அந்த 64 லெட்டர் எழுதினவன் நோய்னா, நான் யாரு? இப்ப வீட்ல கொஞ்சம் சத்தமா சிரிச்சாலே "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"ங்கிறா. பாட்டு முணுமுணுத்தா ஒரு பார்வை. பிள்ளைக்கு எதிர்பாக்காம ஒரு சைக்கிள் வாங்கினா ஒரு பார்வை. கோபப்பட்டாலும் அதே கேள்விதான். அவளைக் குத்தம் சொல்லல. 2016-ஐப் பார்த்தவ அவ. ஆனா என் சந்தோஷத்துக்கு ஒவ்வொரு தடவையும் நான் சாட்சி கொண்டு வர வேண்டியிருக்கு.

பிரஸ்ல நாலு கலரும் ஒன்னு மேல ஒன்னு சரியா உக்காரலைன்னா ரெஜிஸ்டர் விலகிடுச்சும்போம். படம் ரெண்டு ரெண்டா தெரியும். அப்படித்தான் இருக்கு எனக்கு. உங்களுக்கும் இப்படி இருந்திருக்கா?

---

தஞ்சாவூர் டீச்சர் | ஞாயிறு, காலை 6.15

தம்பி, உங்க கதைக்கு எதிர்த்திசையிலேருந்து வர்றேன் நான்.

என் நோய்க்கு ஒரு பேர் வெச்சது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. முதல் பிரசவம் ஆகிப் பன்னிரண்டாம் நாள். விடியகாலை ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எங்க வாசல்ல கோலம் போட்டேன். நிறுத்தத் தோணல. பதினாறு வீட்டு வாசல்லயும் போட்டேன். ஆறாவது வீட்ல மாவு தீந்துபோச்சு, நாடார் கடையைத் தட்டி எழுப்பி வாங்கினேன். தெருவுல மொதல்ல சிரிச்சாங்க. மூணாம் நாள் மாமியாரோட பீரோவைத் திறந்து புடவையெல்லாம் தெருவுல குடுத்தப்ப சிரிக்கல. காத்து கருப்புன்னாங்க. மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிட்டுப் போற குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம் தங்கினோம். உச்சிவேளையில தீர்த்தம் முகத்துல அடிப்பாங்க. அந்தக் கோயிலை நான் குறை சொல்ல மாட்டேன், அங்க யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாப் பேசல. ஊர்லதான் பேசினாங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடியே, எனக்கு ஒரு பேர் இருந்துச்சு: திமிர் பிடிச்சவ. காலேஜ்ல ராப்பகலா பேச்சுப்போட்டிக்குத் தயார் பண்ணுவேன், வார்டனோட சண்டை போடுவேன், அப்புறம் ரெண்டு மாசம் ஹாஸ்டல் ரூமை விட்டு வர மாட்டேன். ஆம்பளை அப்படி இருந்தா சுறுசுறுப்பும்பாங்க. பொம்பளைன்னா அடங்காதவ. நானும் என்னை அப்படியே நம்பினேன். "நான் கெட்டவ, அப்பப்ப வேஷம் கலைஞ்சிடுது"ன்னு.

டாக்டர் பைபோலார்னு சொன்ன அன்னைக்கு ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து அழுதேன். கூட வந்த அம்மா பயந்துட்டாங்க. நான் அழுதது நிம்மதியில. 27 வருஷமா குணம்னு நெனச்சிட்டிருந்ததுல பாதி நோய்னு தெரிஞ்சா எப்படி இருக்கும், சொல்லுங்க.

வீட்டுக்காரர் பக்கத்துலேருந்து வக்கீல் நோட்டீஸும் வந்துச்சு, மனநோய்னு காரணம் போட்டு. 1955-ம் வருஷ இந்துத் திருமணச் சட்டத்துல அப்படி ஒரு பிரிவு இருக்கு. ஆனா நோய் இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்கணும். நோட்டீஸ் அதோட நின்னுபோச்சு. அவரும் கொஞ்ச நாள்ல திரும்பி வந்துட்டார். அது தனிக்கதை.

உங்களுக்குப் பேர் வந்து சந்தோஷத்தை எடுத்துக்கிச்சு. எனக்குப் பேர் வந்து அவமானத்தை எடுத்துக்கிச்சு. பேர் என்னமோ ஒன்னுதான்.

---

ராத்திரி ஷிப்ட் | ஞாயிறு, காலை 9.50

எனக்கு 23. போன வருஷம்தான் தெரிஞ்சது. சென்னையில ஐ.டி., நைட் ஷிப்ட்லதான் ஆரம்பிச்சது. நீங்க எல்லாரும் "முன்னாடி நான் இப்படி இருந்தேன்"னு சொல்றீங்க. எனக்கு அந்த முன்னாடியே இல்லையே? பதினெட்டு வயசுலேருந்தே ஏத்தம் இறக்கம்தான். நான் யாருன்னு தெரிஞ்சுக்கறதுக்குள்ள இது வந்து உக்காந்துக்கிச்சு. யாரையாவது பிடிச்சிருந்தாக்கூட உடனே போன்ல, தினமும் மனநிலையைக் குறிச்சு வைக்கிற மூட் சார்ட்டைத் திறந்து, நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினேன்னு பார்க்கிறேன்.

---

ரிட்டயர்டு கண்டக்டர் | ஞாயிறு, மதியம் 1.05

ராத்திரி ஷிப்ட் கண்ணு, மொதல்ல அந்த ஷிப்டை மாத்து. தூக்கம் போனா நமக்கு எல்லாமே போச்சு. டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஆபீஸ்ல குடு. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

எனக்கு வயசு 66. 1986-லேருந்து இந்த வண்டியில பயணம். என் மொத சீட்டுல எம்.டி.பி.ன்னு எழுதினாங்க, மேனிக் டிப்ரசிவ் சைக்கோசிஸ். கொஞ்ச வருஷம் போய் பி.பி.ஏ.டி. ஆச்சு, பைபோலார் அஃபெக்டிவ் டிஸார்டர். இப்ப பைபோலாருங்கிறாங்க. பேர் ரெண்டு தடவை மாறிப்போச்சு, கண்டக்டர் அதே ஆளு. அதனால பேரைப் புடிச்சுத் தொங்காதீங்க.

ஒரு நாள் மேட்டூர் வண்டியில ஏறுன அத்தனை பேருக்கும் என் காசைப் போட்டு டிக்கெட் கிழிச்சேன். பஸ்ஸே கைதட்டுச்சு. அடுத்த வாரம் சஸ்பென்ஷன். அந்தக் கைதட்டல் இன்னிக்கும் காதுல கேக்குது, பொய் சொல்ல மாட்டேன். நாலுகலர் தம்பி கேக்குறது புரியுது. அந்த நாளை நோய்னு எழுதிக் குடுக்க எனக்கும் மனசு வரல.

லித்தியம் ஒரு உப்பு, தெரியும்ல? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. எனக்கு உப்பிட்டது ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்.

---

இயற்கை108 | ஞாயிறு, மதியம் 2.30

நண்பரே, உங்களை மந்தமாக்குவது மாத்திரைதான். உண்மையான நீங்கள் அந்த 64 கடிதம் எழுதியவர். படிப்படியாக மாத்திரையை விட்டுவிட்டு மூச்சுப்பயிற்சிக்கு வாருங்கள். என் அனுபவத்தில்

*[மீதி நீக்கப்பட்டது. நெறியாளர்: மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. மூச்சுப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம், மாத்திரையோடு சேர்த்து. யாருக்காவது ராத்திரி நேரத்தில் மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.]*

---

ரிட்டயர்டு கண்டக்டர் | ஞாயிறு, மதியம் 3.10

நானும் "உண்மையான நான்" எங்க இருக்கான்னு தேடி 1994-ல மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். ஒரே நாள்ல. அவன் வந்தான். நாலு வாரத்துல வந்தான். வந்தவன் பொண்டாட்டி தாலிச்செயினை அடகு வெச்சு ஒரு பழைய அம்பாசடர் வாங்குனான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

---

கடைக்குட்டி | ஞாயிறு, இரவு 8.44

எனக்கு இந்த நோய் இல்ல. எங்க அண்ணனுக்கு இருக்கு. எழுதலாமா வேணாமான்னு மத்தியானத்துலேருந்து யோசிச்சேன். கொஞ்சம் கசப்பா இருக்கும், பொறுத்துக்கங்க.

2019-ல அண்ணன் ரெண்டு ஏக்கர் நஞ்சையைப் பாதி விலைக்கு வித்தான். அப்பா அவன் பேர்ல எழுதி வெச்சிருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த நிலம். அந்தக் காசு மூணு வாரத்துல கரைஞ்சிடுச்சு. யார் யாருக்கோ போன், ஒரு கோயிலுக்கு மணி, மிச்சம் எங்க போச்சுன்னு அவனுக்கே தெரியாது. அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் ஆச்சு. இப்ப நல்லா இருக்கான். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனா இன்னைக்கு வரைக்கும் "தப்புதான்டா"ன்னு ஒரு வார்த்தை வரல. கேட்டா, "அது நான் இல்லடா, நோய்"ங்கிறான். அப்ப பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது யாரு? கைரேகை யாருது? தங்கச்சி 31 வயசுல தனியா உக்காந்திருக்காளே, அவ யார்கிட்ட போய்க் கேப்பா? லித்தியத்துக்கிட்டயா?

நாலுகலர் அண்ணே, மன்னிச்சுக்கங்க, உங்ககிட்டயும் ஒன்னு கேக்கணும். 64 லெட்டர் "நான்"னு உரிமை கொண்டாடறீங்க. அறுபது ரீம் பேப்பர் யாரு? ரெண்டும் ஒரே ஆள்தானே வாங்கினது? காதல் வந்தா நான், கடன் வந்தா நோயா?

---

நாலுகலர் | ஞாயிறு, இரவு 10.20

நீங்க கேட்டது சரியான கேள்வி. ஒன்றரை மணி நேரமா மொட்டைமாடியில உக்காந்திருந்தேன்.

அந்தப் பேப்பர் கடனை 22 தவணையில அடைச்சேன். கடைக்காரர் நல்ல மனுஷர், பாதியைத் திருப்பி எடுத்துக்கறேன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன். ஏன்னு அப்ப தெரியல. வீம்புன்னு நெனச்சேன். இப்ப தோணுது, அந்தக் கடனை அடைக்கிற ஆளு நானா இருக்கணும்னு எனக்கு ஒரு வெறி இருந்திருக்கு. அவன் வாங்கினான், நான் அடைச்சேன். அடைக்க அடைக்க அவனும் நானும் ஒரு ஆளா ஆனோம். ஸ்கூட்டரை மட்டும் அண்ணன் தானே கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டார், ஒரு வார்த்தை பேசல.

அப்படிப் பார்த்தா என் பக்கத்துல ஒரு நியாயம் இருக்கு தம்பி. கடன் என்னதுன்னா லெட்டரும் என்னதுதான். ஒன்னை வெச்சுக்கிட்டு ஒன்னைத் தள்ள முடியாதுல்ல. உங்க அண்ணன் நிலத்தைத் தள்ளிட்டார். அதோட சேர்த்து வேற எதையெல்லாம் தள்ளிட்டாரோ தெரியல.

---

ரிட்டயர்டு கண்டக்டர் | திங்கள், காலை 5.30

கடைக்குட்டி, பிரேக் புடிக்காம பஸ் மோதுனா டிரைவர் மேல தப்பில்லன்னு டிப்போவுல எழுதலாம். அதுக்காக அடிபட்டவனை ரோட்டுல போட்டுட்டு சீட்டுலயே உக்காந்திருக்கலாமா? இறங்கித் தூக்கணும்ல. உங்க அண்ணனுக்கு இறங்க பயம். இறங்குனா மொத்தத்தையும் பார்க்கணும். என் பொண்டாட்டிகிட்ட அம்பாசடருக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு ஏழு வருஷம் ஆச்சு. அவ "எந்த அம்பாசடரு?"ன்னா. வேணும்னேதான்.

---

வார்டு ரவுண்ட்ஸ் | திங்கள், மாலை 7.25

நான் மனநல மருத்துவர். இங்கே யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன், உங்களைப் பார்க்கிறவர்தான் சொல்லணும். ரெண்டு மூணு விஷயம் மட்டும்.

நாலுகலர், நீங்க தலைகீழா எழுத்தைப் படிச்சீங்க, சரி. கேள்விக்குறியையும் படிச்சீங்களா? கேஸ் ஷீட்ல நாங்க கேள்விக்குறி போட்டா, எங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம். ஹைப்போமேனியான்னு சொல்ல குறைஞ்சது நாலு நாள், மேனியான்னா ஒரு வாரம், இல்ல ஆஸ்பத்திரியில சேர்க்கற அளவுக்கு இருக்கணும்னு அளவு வெச்சிருக்கோம். 25 வயசுல காதலிக்கிறவன் ரெண்டு மாசம் சரியாத் தூங்காம லெட்டர் எழுதினா அது எதுன்னு பதிமூணு வருஷம் கழிச்சு எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. உங்க டாக்டர் அதை எழுதினது அடுத்த எபிசோடைச் சீக்கிரம் அடையாளம் காணத்தான். உங்க கல்யாணத்துக்குத் தீர்ப்பு எழுத இல்ல.

கண்டக்டர் ஐயா சொன்ன பேர் மாற்றம் உண்மை. 1899-ல ஜெர்மனியில கிரெப்பலின் இதையெல்லாம் ஒரே நோயாச் சேர்த்து 'மேனிக் டிப்ரசிவ்'ன்னார். 1957-ல லியோன்ஹார்ட், இறக்கம் மட்டும் வர்றவங்க வேற, ரெண்டும் வர்றவங்க வேறன்னு பிரிச்சார். 1980-ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்க் கையேடு 'பைபோலார்'ங்கிற பேரை எடுத்துக்கிச்சு. நாங்க கோடு போடற இடமே நகர்ந்துகிட்டிருக்கு. அந்தக் கோட்டை வெச்சு நீங்க உங்களை ரெண்டா வெட்டிக்காதீங்க.

அப்புறம், லித்தியம் மயக்க மருந்து இல்ல. 1949-ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கிற டாக்டர் இது மேனியாவுக்கு உதவும்னு கண்டுபிடிச்சதுலேருந்து அந்தச் சந்தேகம் இருக்கு. ஆனா "நான் மந்தமாயிட்டேன், கலர் போயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா, அதை மனசுன்னு மட்டும் விட்டுடக் கூடாது. லித்தியம் சிலருக்குத் தைராய்டைக் குறைக்கும். தைராய்டு குறைஞ்சா சோர்வு, எடை, எதுலயும் ஆசை இல்லாம போறது எல்லாம் வரும். "நானே இல்லாம போயிட்டேன்"னு வந்தவங்கள்ல சிலருக்குத் தைராய்டு மாத்திரை சேர்த்ததும் பழைய ஆள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கேன். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், இந்த ரெண்டு ரத்தப் பரிசோதனையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். உடம்பு வலின்னு மெடிக்கல்ல நீங்களா ஐபுப்ரூஃபன் வாங்கிப் போடாதீங்க, லித்தியம் அளவு ரத்தத்துல ஏறும். வாந்தி பேதியில நீர் வத்தினாலும் அப்படித்தான்.

கடைக்குட்டி, உங்களுக்கு ஒரு வார்த்தை. மேனியா உச்சத்துல தீர்மானிக்கிற சக்தி குறையறது நிஜம். உங்க தங்கச்சியோட நஷ்டமும் நிஜம். ஒன்னைச் சொன்னா இன்னொன்னு பொய்னு ஆகாது. அண்ணன்கிட்ட "தப்பு யார் மேல"ன்னு கேக்காம, "அடுத்த தடவை என்ன செய்யலாம்"னு ஆரம்பிச்சுப் பாருங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 5-ல ஒரு வழி இருக்கு. வயது வந்த யாரும், தெளிவா இருக்கிறப்பவே, "எனக்கு முடிவெடுக்கிற நிலை இல்லாம போனா என்னை இப்படிக் கவனிக்கணும், இப்படிக் கவனிக்கக் கூடாது"ன்னு எழுதி வைக்கலாம். யார் தன் சார்புல பேசணும்னும் சொல்லலாம்.

---

தஞ்சாவூர் டீச்சர் | திங்கள், இரவு 9.00

நான் எழுதி வெச்சிருக்கேன் டாக்டர். ரெண்டாவது பிரசவத்துக்கு முன்னாடி.

எழுதறப்ப ஒரு வேடிக்கையான உணர்வு. இன்னொருத்திக்குக் கடிதம் எழுதற மாதிரி. "அம்மா, உனக்கு அப்ப எல்லாம் தெளிவா இருக்கிற மாதிரித் தோணும். உனக்கு எதிரா எல்லாரும் சேர்ந்துட்டாங்கன்னு தோணும். தங்கச்சி சொன்னா மட்டும் ஊசிக்குக் கையை நீட்டு. கட்டிப்போடக் கூடாது. முடியை வெட்டக் கூடாது. குழந்தையைக் கண்ணுல காட்டணும்." இதைத்தான் வக்கீல் தமிழ்ல மாத்திக் குடுத்தாங்க. தெளிவா இருக்கிற வரைக்கும் எப்ப வேணாலும் மாத்திக்கலாம். அவசர சிகிச்சைக்கு அது செல்லாதுங்கிறதையும் சொல்லிடறேன், பலபேர் அது எல்லாத்தையும் தடுக்கும்னு நெனச்சுக்கிறாங்க.

எழுதினவ நான். படிக்கப் போறவளும் நான். ஆனா எழுதினவளுக்குப் படிக்கிறவ மேல நம்பிக்கை இல்ல. இப்படி ஒரு உறவு வேற யாருக்காவது இருக்குமா?

---

பனங்கொட்டை | செவ்வாய், காலை 7.40

நான் யாழ்ப்பாணம். 17 வருசமா கனடாவில, ஸ்கார்பரோவில. இஞ்ச ஒரு குழுவுக்குப் போறனான். வட்டமா இருந்து ஆளாள் பேரைச் சொல்லிப்போட்டு, இங்கிலீசில "நான் பைபோலார்" எண்டு தொடங்குவினம். எனக்கு அந்த வசனம் வாயில வரவே இல்லை. வீட்ட வந்து தமிழில சொல்லிப் பாத்தன். "நான் பைபோலார்." ஏதோ "நான் கொழும்பு" எண்டு சொல்லுற மாதிரிக் கிடந்துது. ஊரில எண்டால் இந்தக் கதை கதைக்கவே ஏலாது, "இவரை அங்கொடைக்கு ஏத்துங்கோ" எண்டு பகிடி விடுவினம். அங்கதான் மனநோய் ஆசுப்பத்திரி.

நாலுகலர் சொன்ன 2012 மாதிரி எனக்கு 1995. இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இருந்த காலம், எனக்கு 19. நாள்க்கணக்கா நித்திரை கொள்ளேல்ல. அகதி முகாமில எல்லாருக்கும் சோறு காய்ச்சினன், கிணறு இறைச்சன், பள்ளிக்கூடம் நடத்தினன், ஆரைக் கண்டாலும் ஓயாமல் கதைச்சன். எல்லாரும் "நல்ல பெடியன்" எண்டவை. பிறகு மாசக்கணக்கா பாயை விட்டு எழும்பேல்ல. அம்மா "சண்டையால" எண்டா. உண்மைதானே, அப்ப ஆர்தான் நித்திரை கொண்டது? பேர் தெரிஞ்சது 2011-ல, இஞ்ச வந்தபிறகு.

உங்களுக்கு நோயா நானா எண்டு ரெண்டு கேள்வி. எனக்கு மூண்டு: நோயா, சண்டையா, நானா? முகாமில என்ர கையால சாப்பிட்ட பிள்ளையளுக்கு இதில எது சோறு போட்டது எண்டு கவலையில்லை. அதை நினைச்சால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

---

தஞ்சாவூர் டீச்சர் | செவ்வாய், மாலை 5.30

பனங்கொட்டை, உங்க வாயில வராததுக்குக் காரணம் இருக்கு. தமிழாசிரியை சொல்றேன், கேளுங்க. தமிழ்ல நமக்கு நடக்கிற விஷயங்களை நான்காம் வேற்றுமையில வைக்கிறோம். எனக்குப் பசிக்குது. எனக்குத் தூக்கம் வருது. எனக்குக் கோபம் வந்துச்சு. எனக்கு சுகர் இருக்கு. அது வருது, எனக்கு வருது, இருந்துட்டுப் போகுது. நான் அங்கேயே இருக்கேன். எட்டாம் வகுப்புக்கு வேற்றுமை உருபு நடத்தறப்ப இது ஒருநாள் சட்டுன்னு உறைச்சுது, சாக்பீஸோட அப்படியே நின்னுட்டேன்.

---

கடைக்குட்டி | செவ்வாய், மாலை 6.10

டீச்சர், ஊர்ல யாரும் எங்க அண்ணனை நான்காம் வேற்றுமையில கூப்பிடறதில்ல. "மெண்டல்"ங்கிறான், நேரா முதல் வேற்றுமைதான். கோபம் எனக்கு வருது, சரி. நாலு தடவை வந்தா "கோபக்காரன்"னு காரன் போட்டுடறோமே?

---

தஞ்சாவூர் டீச்சர் | செவ்வாய், மாலை 6.40

போடறோம்தான். எத்தனை தடவை வந்தா 'காரன்' ஆகும்னு இலக்கணத்துல இல்ல தம்பி. நல்ல கேள்வி. நீங்க என் கிளாஸ்ல இருந்திருக்கணும்.

---

ராத்திரி ஷிப்ட் | புதன், அதிகாலை 12.20

ஷிப்ட் மாத்தச் சொல்லி ஹெச்.ஆர்.க்கு மெயில் போட்டுட்டேன். பயமா இருக்கு. காரணம் "உடல்நிலை"ன்னு மட்டும் எழுதினேன். கோழைத்தனமா?

---

ரிட்டயர்டு கண்டக்டர் | புதன், காலை 5.15

இல்ல கண்ணு. மூளையும் உடம்புலதான் இருக்கு. ஆனா 12.20-க்கு ஏன் முழிச்சிருக்க? போய்ப் படு.

---

கடைக்குட்டி | புதன், இரவு 9.35

அண்ணன்கிட்ட அந்தப் பிரிவு 5 பத்திச் சொன்னேன். நிலம் பத்தி எதுவும் பேசல. ரொம்ப நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "எழுதலாம்டா. எனக்கு மறுபடி வந்துச்சுன்னா என் கையில பத்திரம், செக் புக் எதுவும் இருக்கக் கூடாதுன்னு தங்கச்சிதான் எழுதணும், அவ கையெழுத்துல"ன்னான். அவன் மன்னிப்பு கேட்டானா இல்லையான்னு எனக்குத் தெரியல. தங்கச்சிகிட்ட சொன்னேன். பேப்பர் எடுத்துட்டு வான்னா.

---

நாலுகலர் | வியாழன், இரவு 10.50

வீட்ல பேசிட்டேன். மூணு நாளா தைரியம் வரல. இன்னைக்குப் பிள்ளைங்க தூங்கினதும் கேஸ் ஷீட் விஷயத்தைச் சொன்னேன். "நீ சரின்னு சொன்னது என் நோய்க்குக்கூட இருக்கலாம்"னேன். அவ இட்லிக்கு அரைச்ச மாவைக் கரைச்சிட்டிருந்தா. கையை எடுக்கல.

"அந்த லெட்டருக்கு நான் சரின்னு சொல்லலீங்க"ன்னா.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. லெட்டர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம், ஆனா பயமா இருந்துச்சாம். இந்த ஆளு ஒரு மாசம் இப்படி எழுதறானே, அடுத்த மாசம் வேற யாருக்கு எழுதுவானோன்னு. அப்பக்கி வாய்ல சும்மா சரின்னு சொல்லி வெச்சாளாம். மனசுல முடிவு பண்ணது ஆடியிலயாம். அவங்க அப்பா மதுரையில ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் போய் ஒன்பது நாள் வார்டு வராண்டாவுல உக்காந்திருந்தேன். "ஒரு வார்த்தை பேசல நீங்க. ஆறுதல் சொல்றேன்னு நச்சரிக்கல. எல்லாரும் வந்து வந்து பேசிட்டுப் போனாங்க, நீங்க மட்டும் சும்மா உக்காந்திருந்தீங்க. அப்பதான், இந்த ஆளு சரின்னு தோணுச்சு."

நான் சிரிச்சுட்டேன். அந்த ஆடி மாசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பேசல இல்ல, பேச முடியல. வீட்ல இருந்தா அப்பா திட்டுவார்னு அங்க போய் உக்காந்திருந்தேன். நாக்கைத் தூக்கவே பலம் இல்ல. அது பொறுமை இல்லடி, அது டிப்ரஷன்னேன்.

அவ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. "அப்ப ஏத்தத்துல இருந்தவனும் இல்ல, இறக்கத்துல இருந்தவனும் இல்லன்னா, நடுவுல இருக்கிற ஆளை நான் அப்ப பார்க்கவே இல்லையா?"ன்னா.

இல்லன்னேன்.

"இந்த நாலு வருஷமாத்தான் பார்க்கிறேனா?"

ஆமான்னேன்.

"கொஞ்சம் போர்தான்"ன்னுட்டு மாவுப் பாத்திரத்தை மூடினா. அப்புறம் "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"ன்னா. இந்தத் தடவை ரெண்டு பேரும் சிரிச்சோம். பெரியவன் முழிச்சுட்டு என்னன்னு கேட்டான்.

டாக்டர் சார் சொன்ன மாதிரி டி.எஸ்.எச். எழுதி வாங்கிட்டேன், லித்தியம் அளவும் சேர்த்து. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணும்னாங்க. பத்து மணிக்குப் போட்டாச்சு. காலையில பத்துக்கு லேப். அதுக்குள்ள ஒரு கல்யாணப் பத்திரிகை மெஷின்ல ஏத்தணும், மஞ்சள் பிளேட் இன்னும் வரல.